சொல்லாக்கம்: ‘உடைமையடை’, ‘உடைமைப் பதிலி’ என இரு சொற்கள் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் ‘மை’ (my), ‘மைன்’ (mine) ஆகிய இரண்டையும் ‘உடைமைப் பிரதிப்பெயர்’ என்ற ஒரே பெயரால் தொடர்ந்து அழைக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே என் விடை. ‘பிரதி’ வடசொல் என்பதால் அதை மாற்ற வேண்டும் என்று இந்த இழையில் முன்பு எழுதியவர்கள் கூறியிருந்தார்கள். அதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது, வெவ்வேறு வேலை செய்யும் இரு வகைச் சொற்களை அந்தப் பெயர் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான்.

‘மை புக்’ என்னும்போது ‘மை’ ஒரு பெயருக்கு முன் அடையாக வருகிறது; பெயர் பின்தொடராமல் அது நிற்பதில்லை. ‘தி புக் இஸ் மைன்’ என்பதில் ‘மைன்’ தானே பெயராக நின்று, உடையவரையும் உடைமையையும் ஒருசேரத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. யுவர்–யுவர்ஸ், ஹெர்–ஹெர்ஸ், தெயர்–தெயர்ஸ் ஆகிய இணைகளிலும் இதே வேறுபாடு உண்டு. தமிழிலோ ‘எனது புத்தகம்’, ‘அந்தப் புத்தகம் எனது’ என்று ஒரே சொல் இரண்டு இடங்களிலும் இயல்பாகப் பொருந்துகிறது. ஆகவே தமிழ்வழியில் ஆங்கிலம் கற்பவர் ‘திஸ் புக் இஸ் மை’ என்று எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ‘எனது’ என்ற சொல்லில் அவருடைய தாய்மொழி அந்த இரண்டு இடங்களையும் பிரிக்கவில்லை. பாடநூலும் ஒரே பெயரைச் சொன்னால், பிரித்தறிய அவருக்கு வேறு வழி எங்கே இருக்கிறது?

‘உடைமை’ என்ற சொல்லுக்கு எழுந்த மறுப்பு கனமானது. ‘என் அண்ணன்’, ‘என் ஆசிரியர்’ என்பவற்றில் அண்ணனும் ஆசிரியரும் என் சொத்தல்லர். தொல்காப்பியமும் ஆறாம் வேற்றுமைப் பொருள்களை அடுக்கும்போது இயற்கை, உடைமை, முறைமை, கிழமை என்று தொடங்கி நெடிய வரிசை ஒன்றைத் தருகிறது. அங்கே உடைமை பல வகைகளுள் ஒன்று மட்டுமே. உரைகாரர்கள் இந்த உரிமைத் தொடர்பைத் தற்கிழமை (பிரிக்க முடியாதது), பிறிதின்கிழமை (பிரிக்கக்கூடியது) என்று பகுத்ததை நினைத்தால் ‘கிழமை’தான் விரிந்த பொருளுடைய சொல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைய மாணவர் ‘கிழமைப்பெயர்’ என்று படித்தவுடன் திங்கள், செவ்வாய் என்றே நினைப்பார். பொருள் சற்றுக் குறுகியதாயினும் உடனே விளங்கும் ‘உடைமை’யை வைத்துக்கொள்வதே நல்லது.

எனவே ‘மை’ வகைக்கு ‘உடைமையடை’ என்றும், ‘மைன்’ வகைக்கு ‘உடைமைப் பதிலி’ என்றும் முன்மொழிகிறேன். இழையில் வந்த ‘உடைமைச் சுட்டுப்பெயர்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. சுட்டு படர்க்கைக்கே உரியது, தன்மையும் முன்னிலையும் அதற்குள் வாரா. கணினித் துறையில் ‘பதிலி’க்கு வேறு பொருள் இருப்பதும் இடையூறாகாது, முன்னால் ‘உடைமை’ நிற்பதால் குழப்பம் நேராது.

‘பதிலி’ என்ற பெயர் கற்பிப்பதற்கும் உதவும். ‘எ ஃபிரண்ட் ஆஃப் மைன்’ என்ற தொடரில் ‘மீ’ வராமல் ‘மைன்’ வருவது ஏன் என்று மாணவர் கேட்டால், அந்த ஒரு சொல்லே ‘என் நண்பர்கள்’ என்பதற்குப் பதிலாக நிற்கிறது, ஆகவே ‘என் நண்பர்களுள் ஒருவர்’ என்று பொருள் கொள்ளலாம் என ஆசிரியர் விளக்கலாம். ‘எ மை ஃபிரண்ட்’ என்பது பிழையாவதற்குக் காரணம், ‘எ’ வரும் அதே இடத்தை அடையாகிய ‘மை’ பிடித்துக்கொள்வதுதான். தமிழ்ப் பதிலி உடைமைப் பொருளுக்கேற்ப என்னுடையது, என்னுடையவை, என்னுடையவர்கள் என்று மாறும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘மைன்’ ஒன்றே. இந்த வேறுபாட்டையும் அதே பாடத்தில் சொல்லிவிடலாம்.

‘ஹிஸ்’ இரண்டு இடத்திலும் ஒரே வடிவில் வருவதால் பகுப்பு உடைந்துவிடும் என்று ஒரு நண்பர் அஞ்சினார். வடிவம் ஒன்றாக இருந்தாலும் நிற்கும் இடத்தைக் கொண்டு வகையைச் சொல்லிவிடலாம். பழைய ஆங்கிலச் செய்யுள்களில் உயிரொலிக்கு முன் ‘மைன் ஐஸ்’ என்று வருவதையும் அவ்வாறே அடையாகக் கொள்ளலாம்.

‘இட்ஸ்’ (its) பற்றித் தனிக்குறிப்பு அவசியம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் உடைமையைக் காட்ட அப்பாஸ்டிரஃபி (’) குறி இடுவதால், பலர் ‘இட்ஸ்’ என்னும் உடைமையடையிலும் அதை இட்டுவிடுகிறார்கள். குறியோடு எழுதினால் அது ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்பதன் சுருக்கமாகிவிடும். யுவர்ஸ், ஹெர்ஸ், தெயர்ஸ் முதலிய பதிலிகளுக்கும் அந்தக் குறி கிடையாது.

நம் சொற்பட்டியலில் ‘உடைமையடை: பெயருக்கு முன் நின்று அது யாருடையது அல்லது எதனுடையது எனக் காட்டும் சொல்’, ‘உடைமைப் பதிலி: உடையவரையும் உடைமையையும் சேர்த்துக் குறித்துத் தனித்து நிற்கும் சொல்’ என்று பதிவு செய்யலாம். விளக்கங்களில் திருத்தம் தேவையெனில் எழுதுங்கள்.