தொழில் ஆசை வீட்டிலிருந்து எப்படி வருகிறது? தில்லித் தமிழர் அனுபவங்கள்

மயூர் விஹாரிலிருந்து:

சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. நோட்டோடு வருகிறவர்கள் பலர் பிள்ளையையும் கூட்டி வருவார்கள். "இந்தக் கஷ்டம் என்னோட போகட்டும், இவனாவது ஆபீஸ் வேலைக்குப் போகணும்" என்று பிள்ளை முன்னாலேயே சொல்வார்கள். தில்லித் தமிழரிடம் இது அதிகம். தாத்தா காலத்தில் மத்திய அரசு வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸ், சிஜிஎச்எஸ் மருத்துவ வசதி, பென்ஷன் என்று காலூன்றிய குடும்பங்கள் நிறைய. நடைபாதையில் இட்லி விற்கும் வீட்டிலும் அதே கனவுதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மாதச் சம்பளத்தின் நிம்மதியை அவர்கள் கண்டதே இல்லை.

ஆனால் இப்படிச் சொல்பவர்கள்தான், சாயங்காலம் அதே பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்கிறார்கள்.

ஆர்.கே.புரம் மலை மந்திர் பக்கம் மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா என்னிடம் வருவார். மகள் அப்போது அரசுப் பள்ளியில் 11-ம் வகுப்பு. தில்லி அரசு 2021-ல் தொடங்கிய பிசினஸ் பிளாஸ்டர்ஸ் திட்டத்தில் 11, 12-ம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் முதலாகக் கொடுத்தார்கள். குழுவாகச் சேர்ந்து ஏதாவது தொழில் செய்து பார்க்கலாம். இவள் குழு இட்லிப் பொடி போட்டது. உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், கேஸ், பாக்கெட் என்று செலவை எழுதியவள், வறுத்து அரைத்ததற்குக் கூலி என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். அப்புறம் அம்மாவின் மாவு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் கூலி எங்கேம்மா?" என்று கேட்டாள். அக்காவிடம் பதில் இல்லை. கையில் மிஞ்சியதையெல்லாம் லாபம் என்றே நினைத்திருந்தார். அதில் பெரும்பகுதி அவருடைய உழைப்புக்கான கூலி. சீக்கிரமே விலையை ஏற்றினார், வாடிக்கையும் குறையவில்லை. அந்தப் பெண்ணுக்கு எந்தக் கடைக்காரர் பாக்கி வைத்து இழுத்தடிப்பார் என்பதுகூடத் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

2015-ல் லிண்ட்க்விஸ்ட், சோல், வான் பிராக் மூவரும் சுவீடன் தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோர் தொழில்முனைவோராக இருந்தால் பிள்ளையும் அந்த வழியில் போகும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுகிறதாம். தத்துப் பிள்ளைகளின் பெற்றவர்களையும் வளர்த்தவர்களையும் தனித்தனியே பார்த்ததில், பிறப்பைவிட வளர்ப்பின் பங்கு இரண்டு மடங்கு. பெற்றோரை முன்மாதிரியாகப் பார்த்து வளர்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அக்காவின் வீட்டில் நான் பார்த்ததும் இதுதான்.

உங்கள் வீடுகளில் எப்படி?

துவாரகாவிலிருந்து:

எங்கள் வீட்டில் வியாபாரம் என்ற பேச்சே கிடையாது. அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஏசி சர்வீஸ் தொடங்கியபோது, ஓய்வுப் பணத்திலிருந்து ஒரு பைசா தர மாட்டேன் என்றார். இந்தத் தொழிலில் ஏப்ரல் முதல் ஜூலை வரை போன் ஓயாது, டிசம்பரில் அடிக்கவே அடிக்காது. "இந்த மாசம் சம்பளம் வரலையாடா?" என்று அப்போது கேட்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் வாடகை, சாப்பாடு என்று என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அது மட்டும் இல்லையென்றால் முதல் குளிர்காலத்திலேயே கடையை மூடியிருப்பேன். பில், வாரண்டி அட்டை எல்லாவற்றையும் தேதி போட்டு ஃபைல் பண்ணும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் தரும் ஆபீஸ்களில் அந்த ஃபைலுக்குத் தனி மதிப்பு.

ஜங்புராவிலிருந்து:

எங்கள் அப்பா கரோல் பாக்கில் துணிக்கடை வைத்திருந்தார். அது மூடிய கதையை வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை. யாரிடம் எவ்வளவு கடன், எப்படி அடைத்தார், எதுவும் எனக்கோ தங்கைக்கோ தெரியாது. ஏதாவது தொடங்கலாம் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நஷ்டக் கணக்கையும் தயவுசெய்து பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

மேடம், ஒரு சந்தேகம். என் அக்கா மகளுக்கு 14 வயது, மணி கோத்து நகை செய்து விற்கிறாள். அவள் பேரிலேயே பேங்க் கணக்கு வைக்கலாமா?

மயூர் விஹாரிலிருந்து:

வைக்கலாம். 10 வயது முடிந்தவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி இடம் தருகிறது; எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஆனால் 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால் பதிவு, பெரிய ஆர்டர் எல்லாம் உங்கள் அக்கா பேரில் இருக்கட்டும். பொடி போட்ட பெண் தொடர்ந்து விற்க விரும்பியபோதும் உணவுப் பாதுகாப்புப் பதிவை அம்மா பேரில்தான் எடுத்தோம். வரவு செலவை மட்டும் உங்கள் அக்கா மகளே எழுதட்டும், நீங்கள் யாரும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் அப்பாவிடமும் அந்தத் துணிக்கடையைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய நோட்டு இருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.