கடல் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன என்று சின்னக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

தளிர்வகுப்பு எழுதியது:

வணக்கம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அடுத்து வரப்போகும் பாடம் கடல். படம் காட்டினால் எல்லோரும் பெயர் சொல்லிவிடுகிறார்கள். சுறா, ஆக்டோபஸ், ஆமை, பென்குயின் என்று எதை எடுத்தாலும் நான் வாய் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது, அந்தத் தண்ணீருக்குள் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டால் அமைதியாகிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் "அதுக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்கிறார்கள்.

பெயரை மனப்பாடம் செய்வதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். குளிர், இருட்டு, எதிரி, அலை, இத்தனைக்கும் நடுவில் ஓர் உயிர் எப்படி வாழ்கிறது என்பது அவர்கள் மனதில் இறங்க வேண்டும். வாளி, பனிக்கட்டி, வண்ணத்தாள், டார்ச் மாதிரியான சாதாரணப் பொருள்கள் கைவசம் உண்டு. அப்புறம் ஒரு குழந்தை கேட்ட கேள்வி ஒன்று: "ஆழத்துல தண்ணி ரொம்ப அமுக்கும்னு சொன்னீங்களே, அப்ப அங்க இருக்கற மீன் ஏன் நசுங்கல?" பொய்யும் சொல்லாமல், புரியாத வார்த்தையும் போடாமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

—

அலைவிளிம்பு எழுதியது:

விலங்கிலிருந்து தொடங்காதீர்கள், கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். இதை நான் உறுதியாகச் சொல்வேன். "இன்று வால்ரஸ் பற்றிப் படிப்போம்" என்றால் குழந்தைக்கு அது இன்னொரு படம், அவ்வளவுதான். "பனிக்கட்டி மிதக்கிற தண்ணீரில் நாள் முழுக்க இருக்க வேண்டும், சட்டை கிடையாது, என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கம்பளி, நெருப்பு, அம்மாவைக் கட்டிக்கொள்வது என்று ஆளுக்கொரு யோசனை வரும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு, தோலுக்கடியில் தடிமனான கொழுப்படுக்கு உள்ள வால்ரஸைக் காட்டினால், அது அவர்கள் தேடிக்கொண்டிருந்த கேள்விக்கு விடையாக வந்து நிற்கும்.

குளிருக்குக் கொழுப்புக் கையுறைதான் சிறந்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்றில் கெட்டியான தாவரக் கொழுப்பைப் பாதி அளவு நிரப்புங்கள். அதே அளவுள்ள இன்னொரு பையை உள்வெளியாகத் திருப்பி அதற்குள் நுழைத்து, இரண்டு பைகளின் வாய்களையும் ஒன்றோடொன்று பூட்டி, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள். இப்போது கையை உள்ளே விட்டால் நாலு பக்கமும் கொழுப்பு சூழ்ந்திருக்கும், கையில் ஒட்டாது. ஒரு கை இந்த உறையோடும் மறு கை வெறும் பையோடும் பனிநீருக்குள் போகட்டும். வெறும் பைக் கையைச் சில நொடிகளிலேயே வெளியே எடுக்கச் சொல்லிவிடுங்கள், சின்னக் குழந்தைகள் போட்டி போட்டுக்கொண்டு வைத்திருப்பார்கள். ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் திமிங்கிலத்துக்கு இந்தக் கொழுப்படுக்கு 40 சென்டிமீட்டருக்கும் மேல் தடிமன் இருக்கும், அதை ஒரு அளவுகோலில் காட்டுங்கள்.

இதோடு கடல் நீர்நாயையும் கட்டாயம் சேருங்கள். அதுவும் குளிர்ந்த கடலில்தான் வாழ்கிறது, ஆனால் அதற்கு இந்தக் கொழுப்படுக்கே கிடையாது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 1,00,000-க்கும் மேற்பட்ட முடிகள், அதாவது நம் தலை முழுக்க இருக்கிற முடி அத்தனையும் ஒரு விரல்நுனி அளவு இடத்தில். அந்த முடிக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் குளிர் தோலைத் தொடாமல் காக்கிறது. அதனால்தான் அது எந்நேரமும் முடியைக் கோதிக்கொண்டே இருக்கும். ஒரே கஷ்டத்தை இரண்டு விலங்குகள் இரண்டு வழியில் சமாளிக்கின்றன என்பதைக் குழந்தை இங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

—

கூழாங்கல் எழுதியது:

மேலே சொன்னது சரி, கையுறையைச் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். "கொழுப்பு சூடா இருக்கு" என்றுதான் பெரும்பாலான குழந்தைகள் சொல்வார்கள். யாரும் கை விடாத கொழுப்பு உறை ஒன்றைத் தனியாக, உள்ளே ஒரு தெர்மாமீட்டரோடு பனிநீரில் வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் குளிர்ந்துபோகும். சூடு கொடுத்தது உன் கை, கொழுப்பு அதை வெளியே போகவிடாமல் தடுத்தது என்று அப்போது விளங்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. "எதிரியிடமிருந்து தப்பிக்க மீன் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது", "குளிரைத் தாங்கத் திமிங்கிலம் கொழுப்பு வளர்த்துக்கொண்டது" என்று நாமே பேசிப் பழகிவிட்டோம். குழந்தை அதை அப்படியே நம்பும், ஒரு மீன் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தது என்று. பெரிய வகுப்புக்குப் போன பிறகு இதை மாற்றுவது கடினம், அதனால் ஐந்து வயதிலேயே சரியாகச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. பாடம் நடத்தத் தேவையில்லை, விளையாட்டு போதும்.

தரையில் நீலத் துணி ஒன்றை விரியுங்கள். அதே நீலத்தில் கொஞ்சம் தாள் துண்டுகள், அதே எண்ணிக்கையில் மஞ்சள் துண்டுகள், எல்லாவற்றையும் கலந்து தூவுங்கள். இவை குட்டி மீன்கள், குழந்தைகள் பசியோடு வரும் பெரிய மீன்கள். கண்ணை மூடித் திரும்பி நிற்கச் சொல்லி, "சரி, இப்போது" என்றதும் பத்து எண்ணுவதற்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லுங்கள். மஞ்சள்தான் முதலில் காலியாகும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு குட்டியை வையுங்கள், மறுபடி ஆடுங்கள். இரண்டு மூன்று சுற்றில் துணி மேல் கிட்டத்தட்ட நீலம் மட்டும்தான் இருக்கும். எந்தத் தாளும் நிறம் மாறவில்லை, ஒளிய முடிந்தவை தப்பித்தன, தப்பித்தவை குட்டி போட்டன. அவ்வளவையும் குழந்தை தன் கையாலேயே செய்து முடித்திருக்கும், நீங்கள் ஒரு வார்த்தை விளக்கியிருக்க மாட்டீர்கள்.

ஆக்டோபஸ் விஷயம் வேறு. அது உண்மையிலேயே கண் முன்னால் நிறம் மாற்றும், ஒரு நொடிகூட ஆகாது. தோலில் வண்ணம் நிறைந்த நுண்ணிய பைகள் இருக்கின்றன, சுற்றியுள்ள தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் பளிச்சென்று தெரியும், விட்டால் சுருங்கிவிடும். பலூனில் பேனாவால் புள்ளி வைத்து இழுத்துக் காட்டினால் போதும். இந்த இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், கலந்துவிடும்.

கதை பிடித்த குழந்தைகளுக்குத் தட்டை மீன். முட்டையிலிருந்து வரும்போது எல்லா மீன்களையும் போலப் பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர ஒரு கண் தலையைத் தாண்டி மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும், அப்புறம் அது மணலில் ஒருக்களித்துப் படுத்து இரண்டு கண்ணாலும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். களிமண்ணில் மீன் செய்து கண்ணை நகர்த்தச் சொல்லுங்கள்.

—

இருள்நீலம் எழுதியது:

நசுங்காத மீன் பற்றிக் கேட்ட குழந்தைக்கு என் வாழ்த்து. ஐந்து வயதில் இதைக் கேட்கத் தோன்றியிருக்கிறதே!

பதில் ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் இருக்கிறது. ஒன்று காலி, மூடி இறுக்கமாக மூடியது. இன்னொன்றில் விளிம்பு வரை தண்ணீர், உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் (தொட்டிக்குள் முக்கியே மூடியைத் திருகுங்கள், அப்போதுதான் காற்று நிற்காது). இரண்டையும் அமுக்கச் சொல்லுங்கள். காலி பாட்டில் உள்ளே போகும். நிரம்பியது எவ்வளவு முக்கினாலும் அசைந்து கொடுக்காது. நசுங்குவது காற்றுதான், தண்ணீர் எளிதில் நசுங்காது. ஆழ்கடல் மீனின் உடம்புக்குள்ளும் தண்ணீர்தான் பெரும்பகுதி, வெளியே எவ்வளவு அழுத்தமோ உள்ளேயும் அவ்வளவு, அதனால் அது நசுங்குவதில்லை. குழந்தைக்கு இது போதும், இதில் பொய் எதுவும் இல்லை.

உங்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாக: கீழே போகப் போக ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 2022-ல் ஜப்பானுக்குத் தெற்கே உள்ள இசு-ஒகாசவாரா அகழியில் 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு நத்தைமீன் நீந்துவதைப் படம் பிடித்தார்கள். அங்கே கடல் மட்டத்தில் இருப்பதைப் போல 800 மடங்குக்கும் மேல் அழுத்தம். அந்த மீன் பார்க்க வழுவழுவென்று கூழ் மாதிரி இருக்கும், பல மீன்களுக்கு இருக்கிற காற்றுப்பை அதற்குக் கிடையாது. மேல்மட்டத்தில் வாழும் பல மீன்கள் அந்தக் காற்றுப்பையை வைத்துத்தான் மூழ்காமலும் மிதந்துவிடாமலும் நிற்கின்றன. அழுத்தம் புரதங்களையும் பாதிக்கும், அதைத் தாங்க உதவும் வேதிப்பொருள்கள் ஆழ்கடல் மீன்களின் உடம்பில் நிறைய இருக்கின்றன. இது வகுப்புக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். "அப்ப திமிங்கிலம்?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். நுரையீரல் உள்ள விலங்கு, உள்ளே காற்று இருக்கிறது. ஆழமாக மூழ்கும் திமிங்கிலங்களுக்கும் சீல்களுக்கும் விலா எலும்புக்கூடு வளைந்து கொடுக்கும், நுரையீரல் சுருங்கிக்கொள்ளும், முறிந்துபோகாது. அவை ஆக்சிஜனைப் பெரும்பாலும் ரத்தத்திலும் தசையிலும்தான் சேர்த்து வைக்கின்றன. கூவியர் அலகுத் திமிங்கிலம் ஒன்று 222 நிமிடம் மேலே வராமல் இருந்தது பதிவாகியிருக்கிறது. வகுப்பு தொடங்கி வீட்டுக்குப் போகும் நேரம் வரை மூச்சு விடவில்லை என்று சொல்லுங்கள், மலைத்துப்போவார்கள்.

இருட்டுக்கு உங்கள் டார்ச். 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கிவிடும், 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே கிடையாது. முதலில் மறைவது சிவப்பு, ரொம்ப ஆழம் வரை போவது நீலம். டார்ச் முகப்பில் நீலக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டி, அறையை நன்றாக இருட்டாக்கி, சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் பொருள்கள் மேல் அடியுங்கள். சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். ஆழ்கடலில் இத்தனை சிவப்பு இறால்களும் மீன்களும் ஏன் என்று அப்போது அவர்களே சொல்லிவிடுவார்கள். வெளிச்சத்தில் அவ்வளவு பளிச்சென்று இருப்பது அங்கே பெரும்பாலான விலங்குகளின் கண்ணுக்குத் தெரியாது. தூண்டில் மீனின் தலைக்கு முன்னால் தொங்கும் விளக்கைக் காட்ட இதுதான் சரியான நேரம். அந்த வெளிச்சத்தை உண்டாக்குவது மீன் இல்லை, அந்த விளக்குக்குள் குடியிருக்கும் பாக்டீரியா.

—

துறவிநண்டு எழுதியது:

எல்லோரும் ஆழத்துக்கும் துருவத்துக்கும் போய்விட்டீர்கள். கரையோரப் பாறைக் குட்டைகளை விட்டுவிடாதீர்கள், அங்கே இருப்பதுதான் கடினமான வாழ்க்கை என்று நினைக்கிறேன். அலை ஏறும்போது கடலுக்கடியில், இறங்கும்போது வெயிலில், நடுவில் பாறையில் வந்து மோதுகிற அலை வேறு. மட்டிகள் ஓட்டை இறுக்கி மூடி உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, பாறையில் நூல் மாதிரி இழைகளால் தங்களைக் கட்டிப்போட்டுக்கொள்கின்றன. கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சின்ன உயிர்) தலைப்பக்கத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வந்ததும் கதவு மாதிரியான தகடுகளைத் திறந்து கால்களை நீட்டி இரையை அள்ளும்.

செய்து காட்டுவதும் சுலபம். ஈரமான பஞ்சு இரண்டு எடுத்து, ஒன்றை மூடி உள்ள டப்பாவில், இன்னொன்றைத் திறந்த தட்டில் வெயிலில் வையுங்கள். மதியம் தொட்டுப் பார்க்கட்டும்.

நட்சத்திர மீனின் குழாய்க்கால்களைக் காட்ட உறிஞ்சிக் கொக்கியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை, பிடிப்பில் பெரும்பங்கு அது சுரக்கும் பசைக்குத்தான், விடுவதற்கும் தனியாக ஒரு சுரப்பு உண்டு. அப்புறம் ஒரு வேண்டுகோள். எப்போதாவது குழந்தைகளைக் கரைக்கு அழைத்துப் போனால், ஒட்டியிருப்பதைப் பிடுங்க விடாதீர்கள், கால்கள் அறுந்துபோகும். புரட்டிப் பார்த்த கல்லை முன்பு இருந்தபடியே மெதுவாக வைக்கச் சொல்லிக்கொடுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் கிடந்தால் காய்ந்து செத்துவிடும்.

—

தளிர்வகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பாட்டிலில் தொடங்கப் போகிறேன், கேள்வி கேட்ட குழந்தைக்கு முதல் பதில் போய்ச் சேர வேண்டும். அடுத்து கையுறை, அப்புறம் தாள் மீன் விளையாட்டு. ஆழத்து இருட்டைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

கூழாங்கல், ஒரு சந்தேகம். தாள் விளையாட்டில் மஞ்சள் மீன் எல்லாம் போய்விட்டால் சில குழந்தைகள் அழுதுவிடுவார்கள். எப்படிச் சமாளிப்பது?

—

கூழாங்கல் எழுதியது:

துணியை மாற்றுங்கள். நீலத் துணியில் ஒரு தடவை ஆடி முடித்ததும் மஞ்சள் துணியை விரித்து, மறுபடி சம எண்ணிக்கையில் தூவுங்கள். இப்போது மஞ்சள் தப்பிக்கும், நீலம் மாட்டும். அழுகையும் நிற்கும், மஞ்சள் மட்டமான நிறம் என்ற எண்ணமும் வராது. பவளப்பாறைப் பக்கம் பளிச்சென்ற மீன்கள் ஏன் அவ்வளவு இருக்கின்றன என்று யாராவது கேட்டால் அதைத் தனியாக இன்னொரு நாள் எடுங்கள், அதற்கு ஒளிவது மட்டும் காரணம் இல்லை.