அவசரம்: புதுச் செயின் வழுக்குது, சனிக்கிழமை யாழ்ப்பாணச் சவாரி

வெள்ளவத்தைப்_பெடியன்:
வணக்கம். புற்றுநோயாளர் நிதிச் சவாரி சனிக்கிழமை விடிய கொழும்பில தொடங்குது. புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியா யாழ்ப்பாணம். நேற்று சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டனான். இப்ப உரமா மிதிச்சா டக்கெண்டு வழுக்குது. கெதியா ஒரு வழி சொல்லுங்கோ, கனபேர் காசு தந்திருக்கினம்.

டாம்வீதி_வீல்:
என்ன சைக்கிள் தம்பி? பின்னுக்கு எத்தனை கியர்? எல்லாப் பல்லுச் சக்கரத்திலயும் வழுக்குதோ, ஒண்டு ரெண்டிலயோ?

பொரளை_ரைடர்:
ஹேங்கர், அதாவது கியர் மாத்துற டெரெய்லரைத் தாங்குற துண்டு, வளைஞ்சிருக்கும்ங்க. பின்னால நின்னு பாருங்க, டெரெய்லர்ல இருக்கிற ரெண்டு சின்னச் சக்கரமும் பல்லுக்கு நேர் கீழ ஒரே கோட்டுல வரணும்.

மஞ்சள்_ஹெல்மெட்:
செயினில இறுகின இணைப்பாவும் இருக்கலாம். பெடலைப் பின்பக்கமா மெல்லச் சுத்துங்கோ. ஒரு இணைப்பு நிமிராமல் மடிஞ்சபடி வந்து, ஒவ்வொரு சுத்துக்கும் டெரெய்லர் துள்ளினா அதுதான். அந்த இடத்தை ரெண்டு கையாலயும் பக்கவாட்டில வளைச்சா இளகும்.

செயின்லைன்:
இதே கேள்வி இங்க எத்தனை தரம் வந்திட்டுது. தேடிப் பாக்கிறேல்லை, கியர் எண்ணிக்கையும் எழுதிறேல்லை. நெடுந்தூரச் சவாரிக்கு நாலு நாள் இருக்கேக்க செயின் மாத்துறதே பிழை. பழைய செயினை அளந்தீங்களா இல்லையா?

வெள்ளவத்தைப்_பெடியன்:
சொறி. 8 கியர், 11-28 கசெட் (பின்சில்லுப் பல்லுச் சக்கரத் தொகுதி, சின்னதில 11 பல்லு, பெரியதில 28). 15, 17 பல்லுள்ள சக்கரங்களில மட்டும்தான் வழுக்குது. ஸ்டாண்டில சும்மா சுத்தினா ஒரு பிரச்சினையும் இல்லை. பழைய செயின் பையில கிடக்கு.

டாம்வீதி_வீல்:
அப்ப ஹேங்கரும் இல்லை, இறுகின இணைப்பும் இல்லை. அதுகள் எண்டா பாரமில்லாமச் சுத்தினாலும் காட்டும். உங்கட கசெட் தேஞ்சுபோச்சு. பின்னுகள் தேயத் தேய செயின் நீளும், அதோட பல்லிடைக் குழியும் ஒரு பக்கமா இழுபடும். புதுச் செயின்ர உருளை அந்தக் குழியில அடியோட உக்காராது. உரமா மிதிக்கேக்க நுனிக்கு ஏறி அடுத்த பல்லுக்குத் தாவும். கூடப் பாவிச்ச பல்லுகள்தான் முதல்ல போகும்.
பழைய செயினை இழுத்துப் பிடிச்சு ஸ்டீல் ரூலால அளவுங்கோ. ஒரு பின்னில தொடங்கி, அதை எண்ணாமல், 24ஆவது பின் சரியா 12 அங்குலத்தில விழவேணும். 1/16 கூடியிருந்தா செயினை மட்டும் மாத்தினாக் காணும். 1/8 எண்டா கசெட்டும் சேத்துத்தான்.

பொரளை_ரைடர்:
அந்த வழி பெரும்பாலும் சமதரைதானே. அந்த ரெண்டு பல்லையும் தொடாமப் போகலாம். அதோட இது சோளகக் காத்து, அதாவது தென்மேல் காத்துக் காலம், பின்னால தள்ளிவிடும்.

மஞ்சள்_ஹெல்மெட்:
சமதரையிலதான் அந்தப் பல்லு வேணும். முன்னுக்கு 42 பல்லு, பின்னுக்கு 17 பல்லு, பெடல் நிமிசத்துக்கு 85 சுத்து எண்டா மணிக்கு 26 கிலோமீற்றர் வரும். குழுவாப் போறது அந்த வேகத்திலதான்.

செயின்லைன்:
காத்துக் கணக்கும் பிழை. புத்தளத்தில இருந்து அனுராதபுரம் மட்டும் சோளகம் பின்னால. வவுனியா தாண்டினா இடப்பக்கத்தால வரும். ஆனையிறவு வெட்டவெளி, காத்து நடு வீதிக்கு, பஸ் போற பக்கமாத் தள்ளும்.

பொரளை_ரைடர்:
வடக்கை பாத்துப் போறப்ப தென்மேல் காத்து கொஞ்சமாவது உதவத்தானே செய்யும்? எதிர்க்காத்துன்னு யாரும் சொல்லலையே.

செயின்லைன்:
உதவும். ஆனா முன்னால போறவரின்ர நேர் பின்னுக்கு நிண்டா அங்க மறைப்புக் கிடைக்காது. வலப்பக்கமா விலகி நிக்க வேணும், அந்த வீதியில அது ஆபத்து.

மஞ்சள்_ஹெல்மெட்:
காத்தைப் பிறகு பாப்பம். அந்தத் தம்பிக்கு நாள் இல்லை.

டாம்வீதி_வீல்:
8 கியர் 11-28 கசெட் டாம் வீதியில தேடுங்கோ. கழட்ட செயின் விப்பும் (பல்லுச் சக்கரம் சுத்தாமப் பிடிக்கிற கருவி) லொக்ரிங் ரூலும் (கசெட்டை இறுக்கி வைக்கிற வளையத்தைக் கழட்டிற கருவி) வேணும், லொக்ரிங்கை இடப்பக்கம் சுத்தினா இளகும். புதுசைப் போடேக்க சில்லு நடுவில இருக்கிற அகலமான வெட்டோட பொருத்திப் பாத்துத் தள்ளுங்கோ, வலுக்கட்டாயமா ஏத்தாதேங்கோ. இறுக்கம் 40 நியூட்டன் மீற்றர்.
கசெட் கிடைக்காட்டி பழைய செயினையே திருப்பிப் போடுங்கோ. தேஞ்ச செயின் தேஞ்ச பல்லோட ஒத்துப்போகும், யாழ்ப்பாணம் மட்டும் இழுக்கும். ரெண்டு குயிக் லிங் (செயின் அறுந்தா இணைக்கிற துண்டு) கொண்டு போங்கோ.

வெள்ளவத்தைப்_பெடியன்:
1/8க்கும் கூட இருந்தது. கசெட் மாத்தியாச்சு, இப்ப வழுக்கேல்லை. எல்லாருக்கும் நன்றி.

டாம்வீதி_வீல்:
ஒரு பாலத்து ஏத்தத்தில எழும்பி நிண்டு மிதிச்சுப் பாத்தனீங்களோ? முன்பல்லு எப்பிடி இருக்கு, சுறாப்பல்லு மாதிரிச் சாஞ்சிருக்கோ?