‘ஓரிரு இடங்களில்’ என்றால் எங்கள் தெருவா, அடுத்த ஊரா? செட்டிநாட்டு மழைக்கால அனுபவங்கள்

மொட்டைமாடி, காரைக்குடி

ஐப்பசி பிறந்தால் எனக்கு ஒரு நோய் வந்துவிடும். பல் விளக்குவதற்கு முன் சென்னை வானிலை மையத்தின் அறிக்கை, காபிக்கு முன் செயற்கைக்கோள் படம், காபிக்குப் பின் மொட்டைமாடி. “இன்னைக்குக் கடல்ல என்ன சங்கதி?” என்று வீட்டில் கேலி பண்ணுவார்கள். நமக்குக் கடல் எங்கே இருக்கிறது? தேவகோட்டையைத் தாண்டித் தொண்டிக்குப் போனால்தான் உண்டு. ஆனாலும் நம் கண்மாய்க்கும் ஊருணிக்கும் தண்ணீர் அந்தப் பக்கத்துக் காற்றில்தான் வருகிறது.

ஒரு கார்த்திகையில் தங்கை மகளுக்குக் கல்யாணம். மண்டபம் வேண்டாம், பெரியப்பா வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இரண்டு நாளுக்கு முன் அறிக்கை வந்தது: சிவகங்கை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு, மஞ்சள் எச்சரிக்கை. வீட்டில் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் முற்றத்தின் மேல் தகரக் கொட்டகை போட்டோம். அவசரம் என்பதால் பந்தல்காரர் இரண்டு மடங்கு வாங்கினார். முகூர்த்தத்தன்று பளீரென்று வெயில். தகரத்துக்குக் கீழே எல்லோரும் வெந்தோம். வெளிச்சம் போதவில்லை என்று போட்டோக்காரர் வேறு முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் பள்ளத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் போன்: “இங்கே தெருவெல்லாம் வெள்ளம், ஆட்டோ வர மாட்டேங்குது.” பள்ளத்தூர் எங்களுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்.

அப்புறம்தான் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் நூற்றுக்கு 25க்கு மேற்படாமல் மழை பதிவானால் அது ‘ஓரிரு இடங்கள்’. ‘கனமழை’யும் சும்மா சொல்கிற வார்த்தை இல்லை; 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. ஆக, பள்ளத்தூரில் பெய்ததோடு அவர்கள் சொன்னது பலித்துவிட்டது. நாங்கள்தான் ‘ஓரிரு’வைத் தாண்டிக் குதித்து ‘கனமழை’யை மட்டும் படித்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், சொல்லுங்கள்.

கலுங்கடி, தேவகோட்டை பக்கம்

மொட்டைமாடி அண்ணே, உங்களுக்குப் போனது பந்தல் காசு. எங்களுக்குப் போவது ஒரு வருஷத்துச் சோறு.

எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம் கிடையாது. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். கண்மாய் பெருகினால் விளைச்சல், இல்லாவிட்டால் மாட்டுக்குத் தீவனம்.

2020 டிசம்பரில் புரெவி புயல். 2ஆம் தேதி இரவு திரிகோணமலைப் பக்கம் இலங்கையில் ஏறியது. அடுத்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றார்கள். தென் மாவட்டங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. நாங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாய்க் கரையில் பலவீனமான இடமெல்லாம் மணல் மூட்டை அடுக்கினோம். அந்த மகராசி மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துக்கு அருகே வந்து, நடுரோட்டில் மாடு படுத்தது மாதிரி படுத்துக்கொண்டது. நகரவும் இல்லை, கரையேறவும் இல்லை. வலுவிழந்து அங்கேயே கிடந்தது. நாங்கள் பயந்த காற்று வரவே இல்லை. பெருமழையோ இங்கிருந்து எத்தனையோ தூரத்தில் கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் கொட்டியது. புயல் ஓரிடம், மழை ஓரிடம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த மாதம் நடந்தது. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்பார்கள். மார்கழி பாதியில் கதிர் சாய்ந்து நின்றது, பொங்கலுக்கு முன் அறுத்துவிடலாம் என்று இருந்தோம். 2021 ஜனவரியில் விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தத் தடவை பருவமழை விலகியதே ஜனவரி நடுவைத் தாண்டித்தான். பயிர் அப்படியே படுத்து, தண்ணீரில் கிடந்தது. நாலாம் நாள் இறங்கி ஒரு கதிரை உருவிப் பார்த்தேன். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக, தையல் நூல் கனத்தில் ஒரு முளை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மழை வரப்போகிறது என்பது எனக்கு முன்னாலேயே தெரியும். செல்போனில் வந்ததுதான். அறுவடை மெஷினுக்கு அலைந்தேன். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அதே செய்தி, எல்லோருக்கும் அதே மெஷின். தெரிந்தும் கையைப் பிசைந்துகொண்டு வரப்பில் நின்றேன்.

தைலமரம், அரிமளம்

நாங்கள் கஜா புயலில் அடிபட்டவர்கள். வேறு எதைச் சொல்ல?

2018 நவம்பரில் முதலில் வடதமிழகக் கடற்கரை என்று பேச்சு. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். டீக்கடையில் ஒருவர், “கடலூர் நமக்கு வடக்கே, பாம்பன் தெற்கே, நடுவுல இருக்கிறது எல்லாம் கடற்கரை ஊரு, நாம உள்நாடுப்பா” என்று தீர்ப்புச் சொன்னார். நானும் தலையாட்டினேன். எச்சரிக்கையைக் கடற்கரைக்கு உரியது என்றே எடுத்துக்கொண்டோம். அடுத்த கட்ட அறிக்கையில் உள் மாவட்டங்களின் பெயர் வந்தபோதுகூட ஆட்டுக்கொட்டகைக்கு ஒரு கயிறு கூடுதலாகக் கட்டவில்லை.

16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, நேராக மேற்கே வந்தது. எங்களுக்கு விடியும் முன்னால் ஆரம்பித்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது. ஓடு ஒன்று ஒன்றாகப் பெயர்ந்து தெருவில் விழும் சத்தம், யாரோ வேண்டுமென்றே தட்டு உடைப்பது போல. வடக்குச் சுவரோரம் இருந்த நாங்கள் நடுக்கூடத்துக்கு வந்தோம். கொஞ்ச நேரத்தில் காற்று மேற்கே திரும்பியது. வடக்குக் காற்றுக்குத் தாங்கி நின்ற பலா மரம் மேற்குக் காற்றில் வேரோடு புரண்டது. அப்பா வைத்த மரம். விடிந்தபோது தெருவில் நிற்கிற மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. கரண்ட் வர பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். கேட்ட காதுதான் சரியில்லை. கலுங்கடி, உங்களுக்கு வராமல் போன காற்று எங்களுக்கு வந்த காற்றுதான். அடுத்த தடவை மணல் மூட்டை வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நாலு சக்கரம், புதுக்கோட்டை–காரைக்குடி ரோடு

மழையாவது சொல்லிவிட்டு வரும். பனி? மார்கழியில் விடியற்காலை ஏர்போர்ட் சவாரி. திருமயம் வரை நட்சத்திரம் தெரிந்தது. மலைமேல் கோட்டை தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைத்துணி தொங்கவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை. முந்தின நாள் மழை பெய்து, ராத்திரி வானம் வெளுத்து, காற்றும் நின்றுவிட்டால் மறுநாள் கண்மாய் ஓரமெல்லாம் இப்படித்தான். இது நானே கற்றுக்கொண்டது, போனில் வராது. சவாரிக்கு அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்புவதோடு சரி.

பூக்கல், ஆத்தங்குடி

எங்கள் தரைக்கல் பட்டறையில் வானிலை அறிக்கை கண்ணாடியில் வரும். புரியவில்லையா, சொல்கிறேன்.

கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஊற்றுவோம். அச்சை எடுத்துவிட்டு மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவை போட்டு வழித்துவிடுவோம். அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குள் சில நாள் ஊறும். வெளியே எடுத்துக் காயவைத்தால், காயக் காயக் கண்ணாடி தானாகக் கல்லை விட்டுவிடும். நாம் நெம்பக் கூடாது. நெம்பினால் மினுமினுப்பு போய்விடும். மெல்லிசாக ஒரு ‘டிக்’ கேட்கும், கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

வாடை அடிக்கும் நாளில் மேகம் மூடியிருந்தாலும் ‘டிக் டிக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று திரும்பிவிட்டால் வெயில் கொளுத்தினாலும் கல் கண்ணாடியை விடாது, கடல் ஈரம் அப்படி. சாயங்காலம் வரை ஒரு கல்கூடக் கழலவில்லை என்றால், காயவைத்த அத்தனையையும் கொட்டகைக்குள் அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பத்துக்கு ஆறு ஏழு தடவை ராத்திரியே மழை. மற்ற நாட்களில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். ஒரே ஒரு தடவை அவர்கள் பேச்சைக் கேட்டு வெளியே விட்டேன். விடிந்து பார்த்தால் சிவப்புப் பூவெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையடித்துக் கிடந்தது. ஒரு கூடத்துக்கான கல்.

மழைமானி, காரைக்குடி

பூக்கல் அண்ணன் சொன்னதில் எனக்குப் பொறாமை. அவர் பார்ப்பது ஈரப்பதம், அதுவும் தன் பட்டறைக்குள் இருக்கும் ஈரப்பதம். எந்தக் கணினிக்கும் அது தெரியாது.

நான் செயலிகளைப் பார்த்துக் கெட்டவன். ‘மாலை 4 மணிக்கு 1.2 மி.மீ.’ என்று புள்ளி வைத்துக் காட்டும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி உலகத்தையே சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. காரைக்குடி முழுவதும் அதில் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அமெரிக்கக் கணக்கின் கட்டம் இன்னும் பெரிது. நம் ஊர் இடிமழை மேகமோ சில சமயம் நாலு தெரு அகலம்தான். அந்த 1.2 நம் தெருவுக்குச் சொன்னது இல்லை.

ஐரோப்பிய மையத்தார் இதைத் தெரிந்துதான் ஒரே கணக்கைத் தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 51 தடவை போடுகிறார்கள். 1961இல் எட்வர்ட் லாரென்ஸ் என்ற அமெரிக்கர் தன் கணினியில் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று போட்டுவிட்டு வந்து பார்த்தால், வேறொரு வானிலையே வந்து நின்றதாம். அந்தச் சின்னப் பிசகுதான் இந்த 51க்கும் மூலம். படத்தில் அந்த 51 கணக்கின் கோடும் ஒரே பக்கம் போனால் நான் துணி காயப்போட மாட்டேன். விசிறி மாதிரி விரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் அப்படித்தான் ஆட்டம் காட்டியது. புயலாகும் என்றார்கள், ஆகாது என்றார்கள், 29ஆம் தேதி ஆகியே விட்டது. மறுநாள் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்று கொட்டியது. 2023 டிசம்பரில் தெற்கே அதி கனமழை என்று சொல்லத்தான் செய்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்யும் என்று யாரால் சொல்ல முடிந்தது? 20 செ.மீ. தாண்டினாலே ‘அதி கனமழை’, எச்சரிக்கையில் அதற்கு மேல் வார்த்தையே இல்லை.

இப்போது மாடியில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை 8.30க்குப் பார்த்து நோட்டில் குறிப்பேன். அரசாங்கக் கணக்கும் 8.30 முதல் 8.30 வரைதான். கோட்டையூர் நண்பர் ஒருவரும் வைத்திருக்கிறார். ஒரு நாள் எனக்கு 41 மி.மீ., அவருக்கு 3. “மானியில ஓட்டையா?” என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டோம்.

இரண்டாம்கட்டு ஆச்சி, கானாடுகாத்தான்

தம்பிமாரே, எல்லாம் படித்தேன். எங்கள் ஐயாவுக்குக் கர்ப்போட்டம் பார்க்கும் பழக்கம் உண்டு. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் பதினாலு நாளும் விடியற்காலம் முகப்பில் வந்து நின்று மேகம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். பார்த்ததைப் பஞ்சாங்கத்து ஓரத்தில் பென்சிலால் குறிப்பார்கள். அடுத்த வருஷத்து மழைக்கு அதுதான் கணக்கு. பலித்ததா என்று கேட்காதீர்கள். பலித்த வருஷம் எல்லோரிடமும் சொல்வார்கள், பலிக்காத வருஷம் பஞ்சாங்கத்தையே காணோம்.

எனக்கு முற்றம்தான் எல்லாம். முதல் மழையை விட்டுவிடுவோம், ஓட்டில் உள்ள தூசியும் காக்கை எச்சமும் போகட்டும் என்று. இரண்டாவது மழைக்கு நாலு மூலையிலும் அண்டா வைத்து, வாயில் வெள்ளை வேட்டி கட்டிவிடுவோம். ‘இன்றைக்குப் பெய்யும்’ என்று அண்டாவைத் தேய்த்து வைத்துக் காத்திருந்த நாட்களை எண்ணினால், பெய்த நாட்கள் கம்மிதான். ஒரு பிள்ளையார் நோன்பன்று பங்காளி எல்லாரும் இழை எடுக்கக் கூடியிருந்தோம். ஒரு சொட்டு விழாது என்று டிவியில் சொன்னார்கள். மாவில் நூல் இழையைத் திரியாக வைத்துச் சுடர் ஏற்றும் நேரத்தில் முற்றத்தில் சடசடவென்று இறங்கியது. சாரலில் சுடர் அணையாமல் இருக்க ஆளுக்கு ஆள் முந்தானையை விரித்து மறைத்து நின்றோம். சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற அந்த மாவு அன்று போல் வேறு நாளில் ருசித்ததில்லை.

இப்போது பேரன் சிங்கப்பூரில் இருந்து கூப்பிடுகிறான். “ஆயா, படத்துல உங்க ஊர் மேல பச்சையும் மஞ்சளுமா இருக்கு, மாடியில துணி இருந்தா எடுங்க” என்கிறான். நான் முற்றத்தில் நிற்கிறேன், நிலா காய்கிறது. “சரிப்பா, எடுத்துடுறேன்” என்பேன். அவன் போன் பண்ணுவதற்கு மழையாவது ஒரு சாக்கு.

மொட்டைமாடி, காரைக்குடி

ஆச்சி, உங்கள் பேரன் பார்க்கும் படம் இப்போது என் போனிலும் திறந்திருக்கிறது. மணி ஒன்பதரை. தேவகோட்டைக்குக் கிழக்கே சிவப்பாக ஒரு திட்டு. மாடிக்குப் போய்ப் பார்த்தேன், தூரத்தில் மின்னல் உண்டு, சத்தம் இல்லை. கலுங்கடி, உங்கள் பக்கம் என்ன நிலவரம்?

கலுங்கடி, தேவகோட்டை பக்கம்

மண் வாசம் வருது அண்ணே. மழையைக் காணோம்.