ராக்கி லினக்ஸ் 9-க்கு மாத்தினதுல இருந்து கம்ப்யூட் நோட் எல்லாம் ட்ரெயின்ல (drain, புது ஜாப் எடுக்காத நிலை) போய் நிக்குது, உதவி தேவை

லேப்அட்மின்_கோவை:
வணக்கம் மக்களே. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு சின்ன க்ளஸ்டர் இருக்கு, ஒரு ஹெட் நோட் (மேனேஜ் பண்ற மெஷின்), 16 கம்ப்யூட் நோட் (ஜாப் ஓடற மெஷின்), ஒவ்வொண்ணுலயும் 192 ஜிபி ரேம். சென்ட்ஓஎஸ் 7 சப்போர்ட் 2024 ஜூன் 30-ஓட முடிஞ்சுபோச்சே, அதான் லீவு சமயம் பாத்து எல்லாத்தையும் ராக்கி 9-க்கு கொண்டுவந்தோம். ஜாப் எல்லாம் நோட்டுக்கு பிரிச்சுக் குடுக்கற ஸ்லர்ம (Slurm) 21.08-ல இருந்து 23.02-க்கு ஏத்தினோம். முதல்ல ஸ்லர்ம்டிபிடி (அக்கவுன்டிங் சர்வீஸ்), அடுத்து ஸ்லர்ம்சிடிஎல்டி (கன்ட்ரோலர்), கடைசியா நோட்ல ஓடற ஸ்லர்ம்டி, அந்த வரிசைலதான் பண்ணோம், அக்கவுன்டிங் டேட்டா பத்திரமா இருக்கு.

இப்ப என்னன்னா எல்லா நோடும் ட்ரெயின். எஸ்கன்ட்ரோல் (scontrol) கமாண்ட்ல ரீஸ்யூம் குடுத்தா ஐடிலுக்கு (ஜாப் எடுக்க ரெடி) வருது, ஸ்லர்ம்டி அடுத்த தடவ ரிஜிஸ்டர் ஆனதும் மறுபடி ட்ரெயின். சரி மானிட்டரிங் டாஷ்போர்டான க்ராஃபானாவ பாக்கலாம்னா அதுல எல்லா நோடும் டவுன்னு சிவப்பா இருக்கு, ஆனா எஸ்எஸ்எச் நல்லா போகுது. தீசிஸ் சப்மிட் பண்ண வேண்டிய பசங்க வாசல்ல நிக்கறாங்க, யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_சிஸ்அட்மின்:
தம்பி, எஸ்இன்ஃபோ மைனஸ் ஆர் (sinfo -R) அடிச்சு ரீசன் என்னன்னு போடுங்க. அத பாக்காம ரீஸ்யூம் குடுக்கறதுல பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, ஸ்லர்ம் ஆர்பிஎம் (இன்ஸ்டால் பேக்கேஜ்) பில்ட் பண்ணப்போ டிபஸ் டெவல் (dbus-devel) பேக்கேஜ் இருந்துச்சா? ராக்கி 9 டீஃபால்ட்டா சிகுரூப் வி2-லதான் (ப்ராசஸுக்கு மெமரி, சிபியு அளவு வைக்கற கர்னல் வசதி) பூட் ஆகும், டிபஸ் இல்லாம பில்ட் பண்ணா ஸ்லர்ம்ல அதுக்கான ப்ளகின் வராது, அது இல்லாட்டி ஸ்லர்ம்டி கிளம்பவே கிளம்பாது.

லேப்அட்மின்_கோவை:
டிபஸ் போட்டுத்தான் பில்ட் பண்ணோம் அண்ணா, ஸ்லர்ம்டி ஓடுது. ரீசன் "லோ ரியல்மெமரி", அதாவது கான்ஃபிக்ல சொன்னத விட நோட்ல ரேம் கம்மி. ரிப்போர்ட் ஆனது 191140 எம்பி, கான்ஃபிக்ல இருக்கறது 191480. 15 நோட்ல இதே நம்பர்தான். நோட் 11-ல மட்டும் 174760-னு வருது.

குயிக்ஃபிக்ஸ்_88:
ப்ரோ ஸ்லர்ம் கான்ஃப்ல ஸ்லர்ம்டி பாராமீட்டர்ஸ்ல கான்ஃபிக் ஓவர்ரைட்ஸ் போடுங்க, நோட் என்ன சொன்னாலும் கண்டுக்காது. அஞ்சு நிமிஷ வேலை.

பழைய_சிஸ்அட்மின்:
தயவுசெஞ்சு அத மட்டும் போடாதீங்க. டெஸ்ட் பெட்டில போடற ஆப்ஷன் அது. ரியல்மெமரி செக் இருக்கறதே நோட்ல மெமரி கொறஞ்சா அங்க ஜாப் போகாம தடுக்கத்தான், அத அணைச்சிட்டா இல்லாத ரேம நம்பி ஜாப் போய் ஓஓஎம்ல (மெமரி தீர்ந்து) சாகும், பசங்க அவங்க கோட்லதான் பக்னு தேடிட்டு இருப்பாங்க.

உங்க கேஸ்ல ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்திருக்கு. 15 நோட்ல கொறையறது வெறும் 340 எம்பி. ராக்கி 9-ல கேடம்ப்புக்காக (கர்னல் க்ராஷ் ஆனா மெமரிய சேமிக்கற வசதி) க்ராஷ்கர்னல் செட்டிங் டீஃபால்ட்டா 64 ஜிபிக்கு மேல ரேம் இருந்தா 512 எம்பி ஒதுக்கி வச்சிரும், சென்ட்ஓஎஸ் 7 ஆட்டோல இத விட ரொம்ப கம்மியா எடுக்கும், வித்தியாசம் அங்கதான் போகுது. /proc/cmdline ஃபைல பாருங்க, தெரியும். நோட்ல ஸ்லர்ம்டிய பெரிய சி ஆப்ஷனோட (slurmd -C) ஓட்டினா ஸ்லர்ம் கான்ஃப்ல போட வேண்டிய சரியான லைன அதுவே எழுதிக் குடுக்கும். அதுல வர்ற மெமரி நம்பர அப்படியே வைக்காம கொஞ்சம் கொறச்சு 190000-னு வைங்க, அடுத்த கர்னல் அப்டேட்ல திரும்ப இதே கதை வேணாம். கான்ஃப் ஃபைல எல்லா நோட்டுக்கும் அனுப்பிட்டு கன்ட்ரோலரயும் ஸ்லர்ம்டியயும் ரீஸ்டார்ட் பண்ணி அப்புறம் ரீஸ்யூம் குடுங்க.

நோட் 11 வேற. மத்த நோட விட 16380 எம்பி கம்மி, கிட்டத்தட்ட சரியா 16 ஜிபி. ஒரு டிம் (DIMM, ரேம் ஸ்டிக்) போயிருக்கும்னு நெனைக்கறேன். டிஎம்ஐடிகோட் (dmidecode) கமாண்ட்ல ஸ்லாட் ஸ்லாட்டா பாருங்க, ஐபிஎம்ஐ டூல்ல (ipmitool) எஸ்இஎல் லாகயும் (ஹார்ட்வேர் எரர் பதிவு) பாருங்க. அதுக்கு ரீஸ்யூம் குடுக்காதீங்க.

நெட்வொர்க்_வாசு:
க்ராஃபானா சிவப்புக்கு: அதுக்கு டேட்டா சேத்துக் குடுக்கற ப்ரோமிதியஸோட டார்கெட்ஸ் பேஜ்ல "நோ ரூட் டு ஹோஸ்ட்"னு இருக்கா? எஸ்எஸ்எச் போகுதுன்னா ரூட் பிரச்சனை இல்ல, ஃபயர்வால்டி (firewalld, ஃபயர்வால் சர்வீஸ்) ரிஜெக்ட் பண்ணாலும் இதே எரர்தான் வரும். ஒவ்வொரு நோட்லயும் மெட்ரிக் குடுக்கற நோட் எக்ஸ்போர்ட்டர் 9100 போர்ட்ல கேக்குது, அத தொறந்தீங்களா?

லேப்அட்மின்_கோவை:
ஆமா சார், அதே எரர். ஸ்லர்ம் போர்ட் 6817, 6818 மட்டும்தான் தொறந்திருக்கு.

நெட்வொர்க்_வாசு:
9100 மட்டும் தொறந்தா க்ராஃபானா பச்சையாகும், ஆனா பல நோட்ல சேர்ந்து ஓடற எம்பிஐ (MPI) ஜாப் தொங்கும், எம்பிஐயும் ஜாப்ப கிளப்பற எஸ்ரன் (srun) கமாண்டும் ரேண்டம் போர்ட்லதான் பேசும். உள் நெட்வொர்க் கார்ட ஃபயர்வால்டில ட்ரஸ்டட் ஜோன்ல (எல்லா போர்ட்டும் தொறந்த ஜோன்) போட்டுருங்க, வெளி கார்ட் மட்டும் இறுக்கமா இருக்கட்டும்.

லேப்அட்மின்_கோவை:
15 நோடும் ஐடிலுக்கு வந்துருச்சு, ஜாப் ஓட ஆரம்பிச்சாச்சு, க்ராஃபானாவும் பச்சை. நோட் 11-ல பி4 ஸ்லாட்ல "நோ மாட்யூல் இன்ஸ்டால்டு"னு காட்டுது, எஸ்இஎல் லாக்ல அதே ஸ்லாட்டுக்கு ஈசிசி (ECC, ரேம் பிழை திருத்தம்) எரர் வரிசையா இருக்கு, அப்கிரேடுக்கு முன்னாடி தேதிலயே! வாரன்டில கேட்டிருக்கோம். அண்ணா, சார், ரொம்ப ரொம்ப நன்றி. இந்த ஈசிசி எரர முன்கூட்டியே பிடிக்க வழி இருக்கா?

பழைய_சிஸ்அட்மின்:
இருக்கு. நோட் எக்ஸ்போர்ட்டர்ல ஈடாக் (EDAC, கர்னல் எண்ணற மெமரி எரர்) கலெக்டர் டீஃபால்ட்டாவே ஆன். கரெக்டபிள் (ரேமே திருத்திக்கற) எரர் கவுன்ட்டர் ஒரு மணி நேரத்துல ஏறினா வார்னிங், அன்கரெக்டபிள் (திருத்த முடியாத) எரர் ஒண்ணே ஒண்ணு வந்தாலும் க்ரிட்டிக்கல்னு அலர்ட் ரூல் எழுதுங்க. மொத்த ரேம காட்டற மெம்டோட்டல் மெட்ரிக் 190000 எம்பிக்கு கீழ போனாலும் ஒரு அலர்ட் வைங்க. கர்னல்ல உங்க ப்ராசசருக்கான ஈடாக் ட்ரைவர் லோட் ஆகியிருக்கணும், எல்எஸ்மாட் (lsmod) கமாண்ட்ல பாத்துக்கோங்க, இல்லாட்டி அந்த மெட்ரிக்கே வராது.