மலைநாட்டில மண்சரிவுக்கு முன்னம் நிலத்தில வெடிப்புக் கண்டவை சொல்லுங்கோ

தெல்லிப்பழை:
பண்டாரவளைப் பக்கம் சொந்தக்காரர் வீடு. பின்னுக்கு வெட்டின மண் திட்டி, மேல தேயிலை. புல்லை விலக்கினால் பிறை மாதிரி ஒரு வெடிப்பு, ரெண்டு முனையும் பள்ளத்துப் பக்கம் வளைஞ்சு கிடந்தது. காலமை விரல் நுழையேல்லை. பின்னேரம் முழு உள்ளங்கையும் போச்சுது. வீட்டுக்காரர் சீமெந்து பூசினவை. மண் நகர சீமெந்து பிளக்கும், தண்ணி நேரா உள்ள இறங்கும். களிமண்ணை அடிச்சு இறுக்கி, மேல தார்ப்பாய் விரிச்சிருக்க வேணும்.

கொக்குவில்:
அடைக்கிறதைப் பிறகு பாருங்கோ, முதல்ல அளவுங்கோ. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முளை இறுக்கி அடிச்சு, தலையில ஒவ்வொரு ஆணி வையுங்கோ. ஆணிக்கு ஆணி எத்தினை மில்லிமீற்றர் எண்டு காலமையும் பின்னேரமும் எழுதுங்கோ. கூடிக்கொண்டு போனால் அந்த வீட்டில படுக்கக்கூடாது. சுவர் வெடிப்பெண்டால் பென்சிலால குறுக்க ஒரு கோடு, பக்கத்தில திகதி.

மழையையும் அளக்க வேணும். வாயும் அடியும் ஒரே அகலமான தகர டின் போதும், அடி தட்டையா இருக்கோணும். மரத்துக்கும் கூரைக்கும் எட்ட, வெளியில வையுங்கோ. உள்ள நிக்கிற தண்ணியின்ர உயரந்தான் மழை அளவு. சாடி மாதிரி நடு அகலமெண்டால் கணக்குப் பிழைக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ர கணக்கு, 24 மணித்தியாலத்தில 75 மில்லிமீற்றர் எண்டால் அவதானம், 100 எண்டால் வெளிக்கிட ஆயத்தம், 150 எண்டால் வெளியேற வேணும். ஒரு மணித்தியாலத்திலயே 75 கொட்டினாலும் வெளியேறத்தான் வேணும். ஆனால் வெடிப்பு விரியுதெண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ.

அடையாள அட்டை, மருந்து, டோர்ச், விசில் எல்லாம் ஒரு பையில, கதவடியில. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117 இலக்கத்தைச் சுவரில எழுதி ஒட்டுங்கோ.

சுன்னாகம்:
கொக்குவிலார் ஊற்றை விட்டிட்டார். திட்டியின்ர அடியில புதுசா ஊற்றுக் கிளம்பி கலங்கலா ஓடினால் உள்ள மண் அரிபடுது. ஓடின ஓடை திடீரெண்டு வத்தினால் இன்னும் மோசம், மேல எங்கேயோ மண் அடைச்சிட்டுது. கதவு இறுகிறதும் தந்திக் கம்பம் சாயிறதும் மண் நகருறதின்ர அடையாளந்தான்.

மழை விட்டிட்டுது எண்டு திரும்பிப் போறதுதான் பயம். ஊறின தண்ணி கீழ வடிய நேரமெடுக்கும். 2014 ஒக்ரோபர் 29 கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில மண் சரிஞ்சு தொழிலாளர் லயன்கள் புதைஞ்சது. முதலே அந்த இடத்துக்கு எச்சரிக்கை குடுத்திருந்தது. மண் சரியிற சத்தம் கேட்டால் பள்ளத்துக்கு ஓடாதேங்கோ, பக்கவாட்டில மேட்டுக்கு ஏறுங்கோ.

நல்லூர்:
தட்டை நிலத்தில இருக்கிற எங்களுக்கு இது என்னத்துக்கு?

புத்தூர்:
எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லை மழைத்தண்ணி கரைக்கும், அடியில குகை உண்டாகும். நிலாவரைக் கிணறு கூரை இடிஞ்சு வந்த குழிதான். தோட்டத்தில வட்டமா நிலம் இறங்கினால் சுத்திவரக் கயிறு கட்டுங்கோ, பக்கத்தில பெரிய பம்ப் போடாதேங்கோ. தண்ணி மட்டம் குறைஞ்சால் குகைக் கூரைக்குத் தாங்கல் போயிடும். குழிக்குள்ள குப்பை கொட்டினால் அயல் கிணறெல்லாம் கெடும். குழியை மூடுறதெண்டால் அடியில பெரிய கல்லு, அதுக்கு மேல சல்லி, பிறகு மணல், கடைசியாக் களிமண். மண்ணை மட்டும் கொட்டினால் அடுத்த மாரிக்கே இறங்கிடும்.