புதுப்பிப்பு: மேரி ரீபியோட தண்டனை விவரம் தெரிஞ்சிருச்சு

ஆஸ்திரேலியா 20 டாலர் நோட்டுல இருக்கற மேரி ரீபி, இங்கிலாந்துலேர்ந்து கைதியா கப்பல்ல நாடுகடத்தப்பட்டு வந்தவங்கன்னு சொல்றாங்க, ஆனா 1828 நியூ சவுத் வேல்ஸ் சென்சஸ்ல தண்டனை பத்தி ஒண்ணுமே இல்லையேன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

"கல்யாணத்துக்கு முந்தின பேரையும் புனைபேரையும் வச்சு தேடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் வொர்க் ஆச்சு. பிறந்த பேரு மேரி ஹேடாக், லங்காஷயர்ல பரி ஊரு. பையன் வேஷத்துல ஜேம்ஸ் பரோங்கற பேர்ல இருந்தப்ப குதிரை திருடுன கேஸ்ல மாட்டி ஸ்டாஃபோர்ட் கோர்ட்ல விசாரணை, பொண்ணுன்னு அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு, 7 வருஷம் நாடுகடத்தல். அதனால கோர்ட் பக்கம் ஆம்பளை பேர்ல தேடணும், ராயல் அட்மிரல் கப்பல்ல 1792 அக்டோபர்ல சிட்னி வந்தத ஹேடாக்னு தேடணும், 1794ல தாமஸ் ரீபிய கல்யாணம் பண்ணதுக்கு அப்புறம்தான் ரீபி.

எதிர்பார்க்காதது சென்சஸ் விஷயம்தான். 1820ல மகள்களோட இங்கிலாந்து போயிட்டு அடுத்த வருஷம் திரும்பியிருக்காங்க, 1828ல கேட்டப்ப "1821ல சுதந்திரமா வந்தேன்"னு, அதாவது கைதியா இல்லாம வந்ததா, அந்த ரெண்டாவது பயணத்தையே பதிஞ்சிருக்காங்க! பொய்யும் இல்ல, எனக்கு அவங்க மேல மரியாதை கூடிருச்சு. இதே மாதிரி "சுதந்திரமா வந்தவர்"னு பார்த்து தேடறத நிறுத்திடாதீங்க, நடுவுல ஊருக்குப் போய் வந்தாங்களான்னும் பாருங்க.